டாலா, ஹையா? சீனாக்காரங்க குழம்புற இடம்

சைனீஸ்ல 'காவ்'னு ஒரே வார்த்தைதான், ஆள் வளர்த்தியா இருந்தாலும் காவ், விலை ஏறினாலும் காவ், இங்கிலீஷ்லயோ டால் (tall), ஹை (high)னு ரெண்டு இருக்கு, அதனால அவங்க இங்கிலீஷ் பேசுறப்ப டால் வர வேண்டிய இடத்துல "ஹீ இஸ் வெரி ஹை"ன்னு சாதாரணமா சொல்லிடுவாங்க, கேக்குறவன் 'என்னடா, போதைல இருக்கானா'ன்னு முழிப்பான். நாம சிரிக்கவும் முடியாது, உயரமான ஆள் உயரமான இடம்னு நமக்கும் ஒரே சொல்லுதானே.

டால்ங்கிறது அடியில இருந்து நுனி வரைக்கும் அளக்குற சமாச்சாரம். ஆள், மரம், கட்டடம் மாதிரி. ஷாங்காய் டவர் 632 மீட்டர், அது டால். ஆனா அதோட உச்சி மாடில இருக்குற ஜன்னல் ஹை, ஏன்னா ஜன்னல் சின்னதாவே இருக்கலாம், தரையில இருந்து எவ்ளோ மேல இருக்குங்கிறதுதான் கணக்கு. விலை, ஸ்பீடு, பிளட் பிரஷர் எல்லாத்துக்கும் ஹை மட்டும்தான், அங்க டால் போட்டா ஒரு மாதிரி இருக்கும்.

இதுக்கு அவங்க பாஷைலயே ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது இதான். எதிர்ச்சொல்லை யோசிக்கணும். குள்ளமான ஆளுக்கு 'ஆய்', கம்மி விலைக்கு 'தீ' (நம்ம தீ இல்லப்பா). எதிர்ச்சொல் ஆய்னா டால் போடு, தீன்னா ஹை போடு. முக்காவாசி நேரம் சரியா வந்துரும்.

மலைக்கு ரெண்டுமே ஓகே, ஆனா ஹைதான் காதுக்குப் பழகின மாதிரி இருக்கும்.