வேர்க்குருவுக்கு எது தேவலை: பவுடரா, காலமைனா, நுங்கா?

கத்திரி வெயில் ஆரம்பித்ததுமே எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மாவுக்கு நுங்கு, அப்பாவுக்குப் பவுடர், எனக்குக் காலமைன் லோஷன். மூன்றையும் முதுகில் போட்டுப் பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

வியர்வைக் குழாய் அடைபட்டு, வியர்வை வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே கசிவதுதான் வேர்க்குரு. உடம்பு குளிர்ந்து வியர்ப்பது குறைந்தால் சில நாட்களில் தானே அடங்கிவிடும். அதனால் எதைப் பூசினாலும் அடைப்பு கூடாமல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பவுடரில் மென்தால் இருந்தால் போட்டவுடன் ஜில்லென்று சுகம்தான், ஆனால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டிவிடுகிறதே தவிர, உடம்புச் சூடு அப்படியேதான் இருக்கிறது. வியர்த்த உடம்பில் அப்பினால் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் பிசைந்த மாவு மாதிரி திரண்டு நிற்கும். கைக்குழந்தைக்குப் பவுடரே வேண்டாம், அந்தத் தூசி மூச்சோடு நுரையீரலுக்குள் போகும்.

காலமைன் நிஜமாகவே குளிர்விக்கும், அதில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் கொஞ்சம் கொண்டுபோகிறது. உள்ளே இருப்பது துத்தநாக ஆக்சைடு, ரோஜா நிறத்துக்குக் காரணம் துளி இரும்பு ஆக்சைடு. குலுக்காமல் ஊற்றினால் வெறும் தண்ணீர்தான் வரும் (நானே அப்படி அரை பாட்டிலை வீணடித்திருக்கிறேன்). காய்ந்ததும் சட்டையெல்லாம் உதிர்வதுதான் தொல்லை.

நுங்குத் தண்ணீரைத் தடவினால் எரிச்சல் தணிகிறது. ஆனால் அதில் சர்க்கரை உண்டு, கழுவாமல் விட்டால் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். எனக்கென்னவோ அதைச் சாப்பிடுவதுதான் லாபம்.

சரி, என் ஓட்டு யாருக்கு? பச்சைத் தண்ணீரில் இரண்டு வேளை குளியல், ஒற்றியெடுத்த உடம்பு, தொளதொளவென்று பருத்திச் சட்டை, மின்விசிறி. அரிப்பு தாங்காத ராத்திரிக்கு மட்டும் காலமைன். தேங்காய் எண்ணெய், கெட்டியான கிரீம் எல்லாம் அடைப்பைக் கூட்டத்தான் செய்யும்.

மருந்துக்கடையில் கேட்டால் சிலர் ஸ்டீராய்டு கலந்த ட்யூப் ஒன்றை நீட்டுவார்கள், அதை வாங்காதீர்கள். ஒருவேளை அது படர்தாமரையாக இருந்தால், அரிப்பு மட்டும் அடங்கி பூஞ்சை உள்ளே தாராளமாகப் பரவும். குருவில் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.