பாலனைத் தனியே எடுக்க வருகிறதா? ஒரு குடில் செட் பற்றி

கிறிஸ்துமஸ் குடில் செட் வாங்கப் போனால் நான் முதலில் பார்ப்பது, தீவனத் தொட்டியிலிருந்து பாலனை, அதாவது குழந்தை இயேசுவை, தனியே எடுக்க வருகிறதா என்பதைத்தான். மாதாவின் முகம், ராஜாக்களின் அங்கியில் தங்க வேலைப்பாடு எல்லாம் அப்புறம். இப்போது வருகிற நிறைய செட்டுகளில் பாலனும் தொட்டியும் ஒரே வார்ப்பு. டிசம்பர் முதல் வாரத்தில் குடில் வைத்தால் அன்றைக்கே அவர் பிறந்துவிடுகிறார். பிறகு 24-ஆம் தேதி இரவு வீட்டில் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது?

இந்தச் செட்டில் பாலன் தனி, தொட்டி தனி. அதற்காகவே வாங்கினேன். மாதா, அவர் கணவர் சூசையப்பர், பாலன், தொட்டி, மூன்று ராஜாக்கள், தோளில் ஆட்டுக்குட்டியோடு ஓர் இடையர், ஒரு சம்மனசு (வானதூதர்), ஒரு மாடு, ஒரு கழுதை என்று மொத்தம் 11 உருப்படி. எல்லாமே ரெசின் (அச்சில் வார்க்கும் செயற்கைப் பிசின்). நிற்கிற சூசையப்பர் 15 செ.மீ. உயரம். கூடவே பலகையில் செய்த ஒரு தொழுவமும் வருகிறது.

சிறுவயதில் எங்கள் வீட்டில் குடில் வைத்த நாளிலிருந்து தொட்டி காலியாகவே இருக்கும். பாலனை அம்மா எங்கேயோ ஒளித்து வைத்திருப்பார். எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் அந்த மாதம் முழுக்க எனக்கும் அண்ணனுக்கும் வேலை. நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும் அம்மா உள்ளே போய் எடுத்து வருவார். தொட்டியில் கிடத்தும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கு, அதாவது எனக்கு. அக்காவுக்கு அதில் வருத்தம் உண்டு. "நான் பிறந்து நாலு வருஷம் நானும் கடைக்குட்டிதானே, ஒரு தடவைகூட ஞாபகம் இல்லையே" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

புதுப் பாலனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். 5 செ.மீ. நீளம், சூசையப்பரின் உயரத்தோடு ஒப்பிட்டால் பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய சரியான அளவு. பல செட்டுகளில் பாலன் மூன்று வயதுப் பிள்ளையின் பருமனில் இருப்பார், இதில் அந்தக் குறை இல்லை. இடது கை மார்பில், வலது கை கொஞ்சம் தூக்கியபடி. விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பிரிந்து தெரிகின்றன. முதுகுப் பக்கத்தையும் விடாமல் வண்ணம் பூசியிருக்கிறார்கள். தூக்குகிற பிள்ளைகள் கட்டாயம் திருப்பிப் பார்ப்பார்கள் என்று யாரோ யோசித்துச் செய்த வேலை அது. தொட்டியின் குழியில் ஆடாமல் உட்காருகிறார், எடுக்கும்போது சிக்குவதும் இல்லை. இந்த ஒன்றுக்கே முழு மதிப்பெண்.

சிறுவயதுக் குடிலில் இருந்தவை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுரூபங்கள், அதாவது சிலைகள். ஈரத்துணியால் துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். எங்கே இடித்தாலும் உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும். கழுதையின் ஒரு காது உடைந்த இடத்தில் அம்மா ஷூ பாலிஷ் தடவியிருந்தார். அருகில் போனால் வாசனை வரும். ரெசினில் இந்தத் தொல்லை குறைவு. கனமாக நிற்கிறது, தட்டினால் எளிதில் சாய்வதில்லை. மடிப்புகளில் படியும் தூசியைத் தட்ட, காய்ந்த தூரிகை போதும். ஆனால் ரெசின் உடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெல்லிய பாகங்கள் பட்டென்று போகும். இடையரின் கோலும் ஆட்டுக்குட்டியின் கால்களும்தான் இதில் பயமான இடங்கள். சூசையப்பரின் கோலை மட்டும் தனிக் கம்பியாகச் செய்து, கையில் இருக்கிற துளையில் செருக விட்டிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் தொலைந்துபோகவும் அதுதான் வசதி. எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே ஒருமுறை சோபா இடுக்கில் கிடைத்தது.

மாடு நன்றாக இருக்கிறது. படுத்த நிலை, கழுத்துத் தோல் மடிப்புகூடத் தெரிகிறது. கழுதைதான் ஏமாற்றம். நிற்கிற கழுதைக்கு 6 செ.மீ. உயரம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சூசையப்பர் பக்கத்தில் அது நாய்க்குட்டி மாதிரி நிற்கிறது. லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டே தவிர மாடும் இல்லை, கழுதையும் இல்லை. பழைய ஏற்பாட்டின் எசாயா நூல் முதல் அதிகாரத்தில் வருகிற காளையையும் கழுதையையும் வைத்துத்தான் அவை குடிலுக்குள் வந்தன. ஆனாலும் 1223-இல் புனிதர் அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் கிறிஸ்து பிறப்பைக் கண்முன் காட்ட நினைத்தபோது, வைக்கோல் போட்ட தொட்டியோடு அவர் கேட்டவை உயிருள்ள மாடும் கழுதையும்தான். அவ்வளவு மூத்த உருப்படியை இப்படிச் சுருக்கலாமா?

அளவு பொருந்தாத கஷ்டத்துக்கு அப்பாவின் வைத்தியம் ஒன்று உண்டு. எங்கள் பழைய சுரூபங்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் வாங்கியவை. ஓர் ஆடு மாட்டைவிடப் பெரியது. பெரியதையெல்லாம் முன்னால், சின்னதையெல்லாம் கசக்கி வண்ணம் பூசிய காகித மலையின் உச்சியில் வைப்பார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் சின்ன ஆடுகள் தூரத்தில் மேய்வதாகத் தெரியும். அதையே இந்தக் கழுதைக்கும் செய்தேன். மாட்டுக்குப் பின்னால், இருட்டான மூலையில் நிறுத்தினால் பரவாயில்லை.

ராஜாக்கள் மூவரும் செட்டிலேயே அழகானவர்கள். ஒருவர் மண்டியிட்டு, இருவர் நின்றபடி. மூவர் கையிலும் காணிக்கைப் பேழை வேறு வேறு வடிவம். நற்செய்தி எழுதிய மத்தேயு இவர்களை ஞானிகள் என்கிறார், எத்தனை பேர் என்று சொல்லவே இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூவரானார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடத்தையும் அவர் வீடு என்றுதான் எழுதுகிறார். அப்பா இதைப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் அன்று ராஜாக்களைக் குடில் பக்கமே விடமாட்டார். புத்தக அலமாரியில் புறப்பட்டு, ஜன்னல் விளிம்பு, வானொலிப் பெட்டி என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நகர்ந்து ஞானிகள் பாலனைக் கண்டதைக் கொண்டாடும் ஜனவரி 6 திருக்காட்சி விழாவுக்குத்தான் வந்து சேர வேண்டும். அண்ணன் யாருக்கும் தெரியாமல் அவர்களை மறுபடி அலமாரிக்கே திருப்பி அனுப்பிவிடுவான். இப்போது என் மகன் அதே வேலையைச் செய்கிறான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த ராஜாக்களின் அடிப்பாகம் அகலமாக இருப்பதால் ஜன்னல் விளிம்பிலும் தைரியமாக வைக்கலாம்.

தொழுவம் சுமார். அழுத்திய மரத்தூள் பலகை, மேலே ஒட்டிய பாசி. பெட்டியைத் திறந்ததுமே பாசி உதிர ஆரம்பித்தது. குடில் வைத்த மேசையைத் தினமும் துடைக்க வேண்டியிருக்கிறது. கூரை முகப்பில் சம்மனசைத் தொங்கவிட ஓர் ஆணி உண்டு. ஆனால் சம்மனசின் கனம் முழுக்க முன்பக்கம். முதுகுத் துளையை ஆணியில் மாட்டினால் தலைகுப்புறப் பாய்கிற கோலத்தில் நிற்கிறது. இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சமாளித்தோம். பின்சுவரில் விளக்குக்கு விட்டிருக்கிற துளை சரியான இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சிறிய குண்டு பல்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி வைப்போம். சூட்டில் காகிதம் சுருங்கி வாடை வந்ததும் அம்மா ஓடிவந்து அணைப்பார். இப்போது எல்.இ.டி. சரம் என்பதால் ராத்திரி முழுக்க எரிந்தாலும் கவலை இல்லை.

பேக்கிங்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு சுரூபத்துக்கும் அதன் உருவத்திலேயே தெர்மகோலில் குழி வெட்டியிருக்கிறார்கள். எது எங்கே போகும் என்று குழப்பமே இல்லை. அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், ஜனவரியில் தேவைப்படும். பழைய சுரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருப்போம். பிரிக்கும்போது அக்கா போன வருடச் செய்தியைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தால் குடில் வேலை ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். தெர்மகோலில் வாசிக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் யார் காதும் உடையாது.

என் மகள் மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைனோசரை நிறுத்தியிருக்கிறாள். மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கிரேச்சோவுக்கே போய்க் குடிலைப் பற்றி ஒரு மடல் வெளியிட்டார். நற்செய்திக்குச் சம்பந்தமில்லாத உருவங்களைப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ப்பதை அதில் ஆதரவாகவே எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். "கொல்லரும் ரொட்டி சுடுபவரும்னு சொல்லியிருப்பாரு, டைனோசர்னா சொன்னாரு?" என்று கேட்டார். ஆனால் அதை எடுக்கவும் இல்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, 24-ஆம் தேதி இரவு பாலனைக் கிடத்துகிற வழக்கமும் இருந்தால் இந்தச் செட்டைத் தாராளமாக வாங்கலாம். தொழுவத்துக்காக வாங்க நினைத்தால் வேண்டாம். நாலு அட்டையும் வைக்கோலும் இருந்தால் வீட்டிலேயே இதைவிட நன்றாகச் செய்துவிடலாம். ராஜாக்கள் இருந்தும் ஒட்டகம் இல்லாதது பெரிய குறை. தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரைக் கேட்டேன், ஒற்றை உருப்படி விற்பதில்லையாம். வேறு செட்டிலிருந்து எடுக்க நினைத்தால் நிற்கிற ஒட்டகம் 18 அல்லது 19 செ.மீ. இருக்கும்படி பாருங்கள், இந்த ராஜாக்களுக்கு அந்த உயரம் பொருந்தும்.