தூய காற்றுச் சொற்களை ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாற்றும் கருவிகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு, கஞ்சிக்கோட்டிலும் கோயம்புத்தூரிலும் தூசி வடிகட்டும் கருவிகள் செய்பவர்களுக்காகக் கையேடுகளையும் ஏற்றுமதிப் பட்டியல்களையும் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாற்றித் தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இதற்காக அன்றாடம் திறப்பவை மூன்று: ஐரோப்பிய ஒன்றியத்தின் கலைச்சொல் தளமான இயாட்டே, அதன் சட்டங்களை மொழிவாரியாகக் காட்டும் யூர்-லெக்ஸ், பிறகு ஓர் இயந்திர மொழிபெயர்ப்புச் செயலி. முதல் இரண்டையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்றாவது வேகமானது, சரளமானது. அந்தச் சரளமே அதன் ஆபத்தும்கூட.

இயாட்டே 2007 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கட்டணம் இல்லை, ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளிலும் சொற்கள் உண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்தத் துறையைச் சேர்ந்தது, எவ்வளவு நம்பலாம் என்ற குறிப்பும் உண்டு. அந்தத் துறைக் குறிப்பின் அருமை, ஜெர்மன் சட்டமொழியின் ஓர் அடிப்படைப் பிரிவினையைச் சந்திக்கும்போதுதான் புரியும். மூலத்தை விட்டு வெளியேறும் மாசு அங்கே எமிஸியோன். அதே மாசு காற்றோடு பரவி மனிதர் மீதும் பயிர் மீதும் வந்து சேரும்போது இமிஸியோன். 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமான புண்டெஸ்-இமிஸியோன்ஸ்ஷுட்ஸ்கெசெட்ஸ், இரண்டாவது சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கு நோக்கிப் பாயும் மாதங்களில், வாளையாருக்கு மேற்கே ஓர் உருக்காலையின் புகைபோக்கியில் அளப்பது ஓர் எண் என்றும், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத் தென்னந்தோப்பில் வைத்த கருவி காட்டுவது வேறோர் எண் என்றும் வைத்துக்கொண்டால், எங்கள் பகுதியினருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டிய தேவையே இருக்காது. ஆங்கிலக் கையேடு ‘லிமிட் வேல்யூ’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். அது புகைபோக்கிக்கான வரம்பா, சுற்றுப்புறக் காற்றுக்கான வரம்பா என்பதை மொழிபெயர்ப்பவர்தாம் தீர்மானிக்க வேண்டும்.

யூர்-லெக்ஸில் ஒரே சட்டத்தை மூன்று மொழிகள் வரை அருகருகே திறந்து வைத்துப் படிக்கலாம். எனக்கு அகராதியைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது இந்த வசதிதான். காற்றுத் தரம் பற்றிய 2008/50 என்ற நெறிமுறையின் ஆங்கிலத் தலைப்பு, ஐரோப்பாவின் சுற்றுப்புறக் காற்றுத் தரத்தையும் ‘இன்னும் தூய’ காற்றையும் பேசுகிறது. ஜெர்மன் தலைப்போ ‘லுஃப்ட்குவாலிடேட் உண்ட் ஸௌபரெ லுஃப்ட்’, அதாவது காற்றுத் தரமும் தூய காற்றும் என்பதோடு நின்றுவிடுகிறது. ‘சுற்றுப்புற’ என்பதும் இல்லை, ‘இன்னும்’ என்பதும் இல்லை. ஆங்கிலத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஜெர்மன் சொல்லை வைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குத் தளர்ந்தது இதைப் பார்த்த பிறகுதான். 2024இல் வந்த 2881 எண் நெறிமுறை இதன் இடத்தைப் பிடிக்கிறது. நுண்துகள் பி.எம். 2.5க்கான ஆண்டுச் சராசரி வரம்பை அது கனமீட்டருக்கு 25 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்து, 2030க்குள் எட்ட வேண்டும் என்கிறது. ஆகவே வரம்புகளைக் குறிப்பிடும் பழைய பட்டியல்களை மறுபடி அச்சிடும்போது, சொல்லை மட்டுமன்றி எண்ணையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இயந்திரச் செயலி தவறும் இடங்கள் பெரும்பாலும் கணிக்கக்கூடியவை. பட்டியலின் அட்டவணைகளில் தனித்து நிற்கும் ‘ஸ்டாக்’ (stack) என்ற சொல் ஷோர்ன்ஷ்டைன் என்று புகைபோக்கி ஆக வேண்டும். சூழல் தெரியாத செயலி அதை ஷ்டாப்பல் என்று அடுக்கி வைத்த குவியலாக்கிவிடும். குழாய் இணைப்புகளிலும் திறந்த குவியல்களிலும் கசியும் ‘ஃப்யூஜிடிவ்’ உமிழ்வுகள் ஜெர்மனில் டிஃபூஸே எமிஸியோனன். நேர்ப்பொருளைத் தேடிப்போனால் கிடைப்பது ஃப்ளுஷ்டிஷ். அந்தச் சொல்லோ எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு ஏற்கெனவே உரியது. வாக்கியம் பிசகின்றிப் படிக்கும், பொருள் மட்டும் வேறாகிவிடும். வடிகட்டியின் ‘எஃபிஷியன்ஸி’ ஆப்ஷைடெக்ராட் என்று வந்தால்தான் எவ்வளவு தூசி பிரிக்கப்படுகிறது என்று ஜெர்மன் பொறியாளர் எடுத்துக்கொள்வார். எஃபிட்சியன்ஸ் என்று வந்தால் மின்சாரச் சிக்கனம் என்று நினைக்க இடமுண்டு.

இவற்றைவிடச் சிக்கலானது ‘பேக் ஃபில்டர்’. பட்டறையில் கம்பிக் கூண்டின் மேல் மாட்டி, அழுத்தக் காற்றால் உதறிச் சுத்தம் செய்யும் நீண்ட துணிக் குழலுக்கும் இதுதான் பெயர், மருத்துவமனையின் ஏ.சி. அறையில் பைகளை வரிசையாகத் தைத்து ஒரு சட்டத்தில் பொருத்திய வடிகட்டிக்கும் இதுதான் பெயர். ஜெர்மனில் முன்னது ஷ்லௌக்ஃபில்டர், பின்னது டாஷன்ஃபில்டர். ஒரு நிறுவனம் இரண்டையும் தயாரித்து ஒரே பட்டியலில் போடும்போது எந்தத் தளமும் உதவுவதில்லை. வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் ஒரே வழி. படம் தராமல் உரையை மட்டும் அனுப்புகிறவர்களிடம் வேலையைத் தொடங்குவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

காற்றோட்டக் குழாய்களிலும் இதே கதைதான். அறைக்குள் வருவது ட்ஸூலுஃப்ட், அறையிலிருந்து இழுக்கப்படுவது ஆப்லுஃப்ட், கட்டடத்தை விட்டு வெளியேற்றப்படுவது ஃபோர்ட்லுஃப்ட், மீண்டும் சுற்றி வருவது உம்லுஃப்ட். நம் பொறியாளர்கள் இவற்றில் நடுவில் உள்ள இரண்டையும் ‘எக்ஸாஸ்ட்’ என்றே எழுதுவார்கள். குழாயின் எந்த இடத்தில் அந்தக் காற்று ஓடுகிறது என்று தெரியாமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. இயாட்டே சட்டமொழிக்காக உருவானது. இந்த ஆலைச் சொற்களுக்கு நான் நாடுவது ஜெர்மானிய நிறுவனங்கள் தங்கள் மொழியிலேயே வெளியிடும் பட்டியல்களைத்தான்.

இணையத்தில் சிதறிக் கிடக்கும் இருமொழி வாக்கியங்களைத் திரட்டிக் காட்டும் தளங்களையும் பார்ப்பதுண்டு. அங்கே வாக்கியத்தின் வயதைக் கவனிக்க வேண்டும். காற்றோட்ட வடிகட்டிகளை ஜி4, எஃப்7 என்று வகுத்த ஈ.என். 779 தரநிலை 2018இல் விலக்கப்பட்டு, துகளின் அளவை வைத்து வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 16890 அதன் இடத்திற்கு வந்துவிட்டது. பழைய வாக்கியங்களை எடுத்தாள்பவர் பழைய வகுப்புகளையும் சேர்த்தே எடுத்துவந்துவிடுவார்.

சிறு விஷயங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் ஹெச்13 வகை வடிகட்டியின் 99.95 விழுக்காட்டுத் திறன் ஜெர்மனில் காற்புள்ளியுடன் 99,95 என்று எழுதப்படும். கணினியில் மொத்தமாக மாற்றும்போது தரநிலை எண்களுக்குள் இருக்கும் புள்ளிகளும் மாறிவிடாமல் பார்க்க வேண்டும். வாங்குபவர் சுவிட்சர்லாந்துக்காரர் என்றால், அங்கே எஸ்ட்செட் (ß) என்ற எழுத்து வழக்கில் இல்லாததால் வெளிக்காற்றைக் குறிக்கும் ஔஸன்லுஃப்டை இரட்டை ‘எஸ்’ போட்டு எழுத வேண்டும். அதனால் என் சொற்பட்டியலில் அந்நாட்டுக்கென்று தனியாக ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.