மேசை விளக்கு ஒயரில் எந்த ஸ்விட்ச் போடலாம்?

மேசை விளக்கு ஒயரின் நடுவில் இருக்கும் குட்டி ஸ்விட்ச் கெட்டுப்போனால், கடைக்குப் போவதற்கு முன் ஒயரின் கடைசியில் உள்ள பிளக்கைப் பாருங்கள். எந்த ஸ்விட்ச் வாங்குவது என்பதை அதுதான் முடிவு செய்யும். மொரிசியஸில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பிரிட்டிஷ் மாதிரி மூணு பின் பிளக்கும், ஐரோப்பிய மாதிரி உருண்டையான ரெண்டு பின் பிளக்கும் கலந்தே புழங்குகின்றன.

மூணு பின்னை ஒரே பக்கமாகத்தான் சொருக முடியும். பிளக்கும் பாயிண்டும் சரியாக ஒயரிங் செய்திருந்தால், ஃபேஸ் (மின்சாரம் வரும் பக்கம், தொட்டால் ஷாக் அடிப்பது) எப்போதும் பிரவுன் ஒயரில்தான் வரும். ரெண்டு பின்னைத் திருப்பியும் சொருகலாம். இன்று பிரவுனில் இருக்கும் ஃபேஸ், நாளை வீடு கூட்டிவிட்டு யாராவது மறுபடி சொருகும்போது நீலத்துக்கு மாறியிருக்கும்.

விலை குறைந்தது சிங்கிள் போல் ஸ்விட்ச். திறந்து பார்த்தால் இரண்டே ஸ்க்ரூ முனைகள். ஒரு ஒயரை வெட்டி அதில் மாட்டுவோம், மற்றது வெட்டாமல் ஓரமாகப் போகும். மூணு பின் விளக்குக்கு இதுவே போதும், பிரவுனைத்தான் வெட்ட வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். ரெண்டு பின் விளக்கில் இதைப் போட்டால், பிளக் மாறிச் சொருகப்பட்ட நாட்களில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் பக்கம்) மட்டும்தான் அறுபடும். விளக்கு அணைந்துவிடும், ஆனால் ஹோல்டர் வரை 230 வோல்ட் நிற்கும். அது ஸ்க்ரூ ஹோல்டராக இருந்தால் பல்பைக் கழற்றுபவரின் விரலுக்கு ஆபத்து. ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் எல்இடி பல்ப் இருட்டில் மங்கலாக மினுங்குகிறதா? அதற்கு இதுவும் ஒரு காரணம்.

டபுள் போல் ஸ்விட்ச்சில் நான்கு முனைகள். அணைத்தால் இரண்டு ஒயரும் அறுபடும், பிளக் எந்தப் பக்கம் இருந்தாலும் கவலையில்லை. கொஞ்சம் பருமன், விலையும் கூடுதல். ரெண்டு பின் விளக்குக்கு நான் இதைத்தான் சொல்வேன், அதிலும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், கடையிலேயே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கால் ஸ்விட்ச் நிற்கும் விளக்குக்கு வசதிதான். குனிய முடியாத பெரியவர்களுக்கு உபகாரம். ஆனால் காவடிக்கு முன் வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவுவோமே, அப்போது அது தரையில் கிடக்கும். கழுவும் அறையில் அது வேண்டாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஸ்விட்ச் வாங்குவதானால் டிம் செய்யக்கூடிய பல்பும் வேண்டும், டிம்மரில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச வாட்டையும் பார்க்க வேண்டும். சாதாரண எல்இடி படபடவென்று துடிக்கும்.

உலோக உடம்புள்ள விளக்கில் பச்சை மஞ்சள் எர்த் ஒயர் வந்தால், எர்த்துக்கும் இடமுள்ள ஸ்விட்ச்தான் வாங்க வேண்டும். அந்த ஒயரை வெட்டிச் சுருட்டி விட்டுவிடக் கூடாது.

மாட்டுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாஹேபூர், ஃபிளிக் ஆன் ஃபிளாக் போன்ற கடலோரங்களில் பழைய ஸ்விட்ச்சைத் திறந்தால் பித்தளை முனைகள் பச்சை பூத்திருக்கும், செம்பு இழைகள் கறுத்திருக்கும். அந்தக் கறுத்த நுனியிலேயே புது ஸ்விட்ச்சை மாட்டினால் தொடுப்பு சரியாகப் பிடிக்காமல் சூடேறும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டித் தள்ளுங்கள், ஒயர் சில சென்டிமீட்டர் குறைந்தால் என்ன போகிறது? இழைகளை முறுக்கி, ஒன்றுகூட வெளியே நீட்டாமல் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஒயரின் மேலுறையை ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் பிடிப்பான் கவ்வ வேண்டும். ஒயரை இழுத்தால் அந்த இழுப்பு செம்புக்குப் போகக் கூடாது.

டபுள் போல் கிடைக்கவில்லையா? பிளக்கையே மாற்றிவிடலாம். ரெண்டு பின்னை வெட்டிவிட்டு 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட மூணு பின் மாட்டுங்கள்: பிரவுன் ஃபியூஸ் பக்கத்துக்கு, நீலம் எதிர்ப்பக்கத்துக்கு. எர்த் இல்லாத விளக்கென்றால் அதன் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி (எர்த் தேவையில்லாத இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எர்த் முனை காலியாக இருக்கட்டும். அப்புறம் விலை குறைந்த சிங்கிள் போல் ஸ்விட்ச்சே போதும்.