செவ்வாய் ரோவர்களின் நேரடிப் படப் பக்கங்கள்: எப்படிப் பார்ப்பது, எங்கே சறுக்கும்

செவ்வாயின் கேல் பள்ளத்தில் 2012 ஆகஸ்டில் இறங்கிய கியூரியாசிட்டிக்கும், ஜெசிரோ பள்ளத்தில் 2021 பிப்ரவரி 18 அன்று இறங்கிய பெர்சிவியரன்ஸுக்கும், அதாவது செவ்வாயில் ஊர்ந்து ஆராயும் இந்த இரண்டு ரோவர் ஊர்திகளுக்கும், நாசா தனித்தனிப் படப் பக்கம் வைத்திருக்கிறது. ரோவர் எடுத்த படங்கள் பூமிக்கு வந்து சேர்ந்த கையோடு, யாரும் மெருகேற்றாமல், அப்படியே அங்கே ஏறிவிடுகின்றன. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். செய்திக்குறிப்பு வருவதற்கு வெகு முன்பே, நேற்று ரோவர் எந்தப் பாறையின் முன்னால் நின்றது என்று நாமே பார்த்துவிடலாம். சீனாவின் ஜூரோங் ரோவர் 2021 மே முதல் ஏறக்குறைய ஓராண்டு யுட்டோபியா சமவெளியில் ஓடியது. அதன் படங்கள் அவ்வப்போது பொறுக்கியெடுத்த தொகுப்பாக மட்டுமே பொதுமக்களுக்குக் கிடைத்தன. அதைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு நாசாவின் இந்தச் சேவை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

முதல் தடவை திறப்பவர்கள் சலித்துப்போகக் காரணம் உண்டு. ஒரே மாதிரியான சக்கரம், நிழல், சரளைக்கல் என்று வரிசையாக வரும். பக்கத்தை மேலிருந்து கீழாக உருட்டாமல், முதலில் சோல் எண்ணைக் குறுக்குங்கள், பிறகு கேமராவைத் தேர்ந்தெடுங்கள். சோல் என்பது செவ்வாயின் ஒரு பகலிரவு, 24 மணி 39 நிமிடம் 35 வினாடி. ரோவர் நகர்ந்த சோலில் அருகிலுள்ள தடைகளைக் கவனிக்கும் ஹேஸ்கேம், வழி பார்க்கும் நேவ்கேம் ஆகிய கேமராக்களின் படங்கள்தான் முந்தி வரும். அடுத்த நாள் வேலையைத் திட்டமிட அவை தேவை என்பதால் அனுப்புவதில் அவற்றுக்கே முன்னுரிமை. கம்பத்தின் உச்சியில் உள்ள மாஸ்ட்கேம் எடுக்கும் அழகான காட்சிகள் பின்னால் வரும், சில சமயம் பல நாள் கழித்துக்கூட வரும். ஆகவே ஒரு சோலைப் பார்த்து முடித்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கும்.

கோப்புப் பெயரைப் படிக்கப் பழகினால் பாதி வேலை மிச்சம். பெர்சிவியரன்ஸ் படப் பெயரில் முதல் இரண்டு எழுத்து கேமராவையும் அது இடதா வலதா என்பதையும் சொல்லும். அடுத்து வரும் நான்கு இலக்கம் சோல். அதற்கடுத்த பத்து இலக்கம் ரோவர் கடிகாரத்தின் வினாடிக் கணக்கு, 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து ஓடுவது. இடது, வலது நேவ்கேம் படங்களில் இந்தப் பத்து இலக்கமும் ஒத்துப்போனால் அது ஸ்டீரியோ ஜோடி. இரண்டு கேமராக்களுக்கும் நடுவே சுமார் 42 செ.மீ. இடைவெளி இருப்பதால், சிவப்பு-நீலக் கண்ணாடியில் பார்க்கும் முப்பரிமாணப் படம் நன்றாகவே வரும்.

பெர்சிவியரன்ஸின் நேவ்கேம் 5120×3840 அளவில் வண்ணப்படம் எடுக்கும். முழு அளவில் அனுப்பும்போது அது 16 துண்டுகளாக வரும், பக்கத்திலும் தனித்தனிப் படங்களாகவே கிடக்கும். சேர்த்துக் காட்டும் வசதி அங்கே இல்லை, இது பெரிய குறை. நாமே ஒட்டினாலும் துண்டுகளுக்கிடையே வெளிச்சம் சில நேரம் பொருந்தாது. ஒட்டும் முன் எல்லாவற்றையும் ஒரே பிரகாசத்துக்குச் சமன்செய்வது நல்லது.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இந்தப் படப் பக்கத்தில் இருப்பது, வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் 'வெள்ளைச் சமன்' செய்யாத படம், அதனால் வானமும் மணலும் மஞ்சள் பூசியதுபோல் தெரியலாம். கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேம் படங்கள் சில கறுப்பு-வெள்ளையில் பொடிக் கட்டங்களோடு வரும். அது பழுதல்ல, வண்ணமாக மாற்றப்படாத சென்சார் தரவு. அந்தத் தரவிலிருந்து நிறத்தைக் கணக்கிட்டுத் தரும் 'பேயர் மாற்றம்' செய்யும் மென்பொருளில் போட்டால் நிறம் வந்துவிடும். சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் அமையும் வரிசை நான்கே வகைதான் என்பதால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் ஏற்றும்போது படம் ஜேபெக்காகச் சுருக்கப்பட்டிருப்பதால் விளிம்புகளில் பிசிறு தட்டும், அதை முழுதாகப் போக்க முடியாது.

பூசி மெழுகாத படம் என்பதன் பலன் கோளாறு வரும்போதுதான் தெரிகிறது. 2023 செப்டம்பரில் கியூரியாசிட்டியின் இடது மாஸ்ட்கேமில் ஒளி வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைக்கும் வடிகட்டிச் சக்கரம் இரண்டு நிலைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அதன் பாதிப்பு இந்தப் பக்கத்துப் படங்களிலேயே வெளிப்படையாகத் தெரிந்தது. ரோவர் ஓடும் சக்கரங்களில் விழுந்த ஓட்டைகளும் அப்படித்தான். கையின் நுனியில் உள்ள மாலி கேமரா அவ்வப்போது எடுக்கும் சக்கரப் படங்களைச் சோல்வாரியாக அடுக்கினால் தேய்மானம் எப்படிக் கூடியது என்று நாமே பின்தொடரலாம்.

இடம் தெரியாமல் படத்தை மட்டும் பார்ப்பதில் பாதிப் பயன்தான். நாசாவின் 'ரோவர் எங்கே' வரைபடத்தைப் பக்கத்திலேயே திறந்து வையுங்கள். செவ்வாயைச் சுற்றிவரும் எம்ஆர்ஓ கலத்தின் ஹைரைஸ் கேமரா எடுத்த படங்களின் மேல் ஒவ்வொரு நகர்வும் கோடாக வரையப்பட்டிருக்கும். பிக்சலுக்கு 25 செ.மீ. நுணுக்கம் இருப்பதால், நேவ்கேமில் தெரியும் பெரிய பாறையை மேலிருந்தும் அடையாளம் காணலாம். நிழலை வைத்துத் திசை சொல்ல, செவ்வாயில் அந்தந்த இடத்தின் நேரத்தையும் சூரியனின் நிலையையும் கணக்கிடும் மார்ஸ்24 என்ற இலவச மென்பொருள் உதவும். அது ஓட ஜாவா வேண்டும், தோற்றமும் பழசு, ஆனால் கணக்கு துல்லியம். கேலும் ஜெசிரோவும் தீர்க்கரேகையில் 60 பாகை தள்ளியிருக்கின்றன. ஆகவே ஜெசிரோவில் காலை எட்டு மணி என்றால் கேலில் நண்பகல்.

புதுப் படமே வராவிட்டால் உடனே பக்கம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். வார இறுதியின் வேலையை அணியினர் வெள்ளிக்கிழமையே மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் குறுக்கே வரும்போது, சுமார் இரண்டு வாரம் கட்டளை அனுப்புவதே நிற்கும்; 2023 நவம்பரில் அப்படி நின்றது.

அளவெடுக்கவோ நிறத்தை ஒப்பிடவோ படம் வேண்டுமானால் இந்தப் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். அளவுதிருத்தம் செய்த தரவு நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் சில மாதம் பிந்தி வரும். அதன் கோப்பு வடிவம் சாதாரணப் படச் செயலிகளில் திறக்காது, தேடும் முறையும் கடினம். ஒரு வார இறுதியை அதற்கென்று ஒதுக்கிக் கற்றுக்கொள்வது தகும்.