லீவுக்குச் சென்னைக்கு வேலை தேடி வருகிறவர்கள் கவனத்துக்கு: ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்

பிளஸ் டூ பரீட்சை முடிந்து காலேஜ் திறக்கும் வரை கிடைக்கிற இடைவெளியில் சென்னையில் ஏதாவது வேலை பார்த்துக் கொஞ்சம் காசு சேர்க்கலாம் என்று நினைக்கிற பசங்களுக்காகவும், அவர்களை அனுப்பி வைக்கிற வீட்டுக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். போன கோடையில் நானும் என்னோடு படித்த நண்பனும் அப்படித்தான் பட்டுக்கோட்டையிலிருந்து கிளம்பிப் போனோம். எனக்கு நடந்தது இந்த வருடம் இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டலூரில் மின்சார ரயில் ஏறினால் பெட்டிக்குள்ளேயே வேலை கூப்பிடும். கதவுப் பக்கம், ஜன்னலுக்கு மேலே, எங்கே பார்த்தாலும் கையகல நோட்டீஸ். ஆபீஸ் வேலை, ஆண் பெண் இருபாலரும், பத்தாவது அல்லது பிளஸ் டூ போதும், சம்பளம் 15,000 முதல் 22,000 வரை, தங்குமிடம் இலவசம். கீழே ஒரு செல் நம்பர். கம்பெனி பெயர் இருக்காது, முகவரி இருக்காது. போன் செய்தால் ஒரு பெண் ரொம்பப் பாசமாக, "தம்பி எந்த ஊருப்பா? சாப்டியா? கிண்டி ஸ்டேஷன் வந்துட்டு கால் பண்ணு" என்பார். கிண்டியில் இறங்கிக் கூப்பிட்ட பிறகுதான் தெருப் பெயரே சொன்னார்கள்.

மாடியில் ஒரு சின்ன ஹால். சுவர் முழுக்கப் பெரிய பெரிய கம்பெனிகளின் லோகோக்களைக் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள். எங்களைப் போல ஊரிலிருந்து பையோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். இன்டர்வியூ என்று பெயர், ஆனால் கேட்டதெல்லாம் அப்பா என்ன வேலை, சென்னையில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா, காலேஜ் எப்போது திறக்கும், இந்த மூன்றுதான். செலக்ட் ஆகிவிட்டீர்கள் என்று கைகொடுத்துவிட்டுப் பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் ஜிபே பண்ணச் சொன்னார்கள். ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயர் வரவில்லை, ஏதோ ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டதற்கு "அவர்தான் எங்க அக்கவுண்டன்ட்" என்றார்கள். அப்புறம் ஐடி கார்டு, ட்ரெய்னிங் என்று இன்னொரு 2,000. கொடுத்த ரசீதில் தொகையும் தேதியும் இருந்தன, அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று இருந்தது. ஜிஎஸ்டி எண், அலுவலக முகவரி எதுவுமே இல்லை.

கடைசியாகத்தான் சர்டிபிகேட் கேட்டார்கள். என் பத்தாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் வெரிஃபிகேஷனுக்கு என்று வாங்கி ஒரு பச்சை ஃபைலில் வைத்து, ஃபைலின் மேல் மார்க்கரால் என் பெயரையும் காலேஜ் திறக்கும் மாதத்தையும் எழுதி, பின்னால் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பீரோ திறந்தபோது உள்ளே பார்த்தேன், அதே போலப் பச்சை ஃபைல்கள் மேல் தட்டு வரை அடுக்கியிருந்தன. காலேஜ் மாதத்தை எதற்காக எழுதுகிறார்கள் என்பது பிற்பாடுதான் விளங்கியது. என் நண்பன் ஒரிஜினலை ஊரிலேயே வைத்துவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொண்டுவந்திருந்தான். நாளைக்குள் வீட்டிலிருந்து வரவழைத்துவிடு என்று அவனிடம் கறாராகச் சொன்னார்கள்.

ஆபீஸ் வேலை என்றது என்னவென்றால், காலையில் நிற்க வைத்துக் கைதட்டிக் கோஷம் போடச் சொல்லிவிட்டு, மசாஜ் மெஷின், கத்தி செட், எல்இடி விளக்கு என்று ஒரு பெரிய பையைத் தோளில் மாட்டி மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் வீடு வீடாக அனுப்புவது. கத்திரி வெயிலில் மதியம் 2 மணிக்குத் தார் ரோட்டில் அந்தப் பையோடு நடந்து பாருங்கள். அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் உள்ளேயே விடமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. சம்பளம் என்று எதுவும் கிடையாது, விற்றால் கமிஷன். தங்குமிடம் இலவசம்தான், ஒரே ரூமில் பாய் விரித்துப் பன்னிரண்டு பேர், ஒரே ஒரு பாத்ரூம். சாப்பாட்டுக் காசு கமிஷனில் கழியும். கேட்டால் டீம் லீடர், "ப்ரோ, இது ட்ரெய்னிங் பீரியட் ப்ரோ, டார்கெட் அடிச்சா மூணே மாசத்துல நீங்க மேனேஜர்" என்பார். அவரும் ஏதோ ஒரு ஊரிலிருந்து என்னைப் போலவே வந்தவர்தான், அவருடைய சான்றிதழும் உள்ளேதான் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் அவர்களுக்கு அந்த மசாஜ் மெஷின் விற்க வேண்டிய அவசியமே இல்லை. நாம் தாங்க முடியாமல் ஓடினால்தான் அவர்களுக்கு லாபம். நின்று போனால் கட்டிய பணம் அவர்களுக்கு, சான்றிதழைத் திருப்பிக் கேட்டால் அதற்கு இன்னொரு தொகை. லீவுக்கு வருகிற மாணவர்களைத் தேடிப் பிடிப்பதும் இதற்காகத்தான். மற்றவர்கள் போலீஸ், லேபர் ஆபீஸ் என்று பொறுமையாக அலைவார்கள், நமக்கோ திரும்பிப் போக ஒரு தேதி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வுக்கு ஒரிஜினல் இல்லாமல் போக முடியாது. ஃபைலின் மேல் காலேஜ் திறக்கும் மாதத்தை எழுதியது அதற்காகத்தான்.

நண்பன் மறுநாளே கிளம்பிவிட்டான், அவனை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் போகிறேன் என்றதும் நோட்டீஸ் பீரியட் முடிக்கவில்லை, 5,000 கட்டினால் சர்டிபிகேட் என்றார்கள். அந்தப் பாசமான அக்காவே, "கையெழுத்து போட்டிருக்கியே, கோர்ட்டுக்குப் போனா உன் படிப்பு போயிடும்" என்று சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று ராத்திரி பாய் மேல் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் சொல்லவும் பயம்.

சித்தப்பா தாம்பரத்தில் இருக்கிறார். விஷயம் கேட்டு நேராக வந்துவிட்டார். சத்தமே போடவில்லை. "ஏம்மா, இந்த ஆபீஸ் யார் பேர்ல பதிவாகியிருக்கு? லைசென்ஸ் காட்டுங்க" என்று மட்டும் கேட்டார். சார் வெளியே போயிருக்கார், நாளைக்கு வாங்க என்றார்கள். அவர் நாளைக்குக் காத்திருக்காமல் என்னை அழைத்துக்கொண்டு அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். புகாரை எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். இந்த ரசீது முக்கியம், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் புகார் கொடுத்ததற்கு ஆதாரமே இருக்காது. ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனது, சாயங்காலம் பச்சை ஃபைல் வந்துவிட்டது. பணம் வரவில்லை.

அந்த அக்கா சொன்ன கோர்ட் மிரட்டலுக்கு யாரும் பயப்பட வேண்டாம். கட்டணப் பாக்கிக்காகக் கல்லூரிகள் மாணவர்களின் சான்றிதழைப் பிடித்துவைத்த வழக்குகளிலேயே, அது அடகு வைக்கிற பொருள் இல்லை, திருப்பிக் கொடு என்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர் சரிபார்க்க விரும்பினால் ஒரிஜினலை நம் முன்னால் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரலாம். சான்றிதழ்களைப் போனில் வைத்துக்கொள்ள அரசு தருகிற டிஜிலாக்கர் ஆப்பில் தமிழ்நாடு மார்க் ஷீட்டை எடுத்துப் போனிலேயே காட்டலாம். வேலை செய்த நாளுக்குச் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது, மெட்ரோவில் ஏஜி டி.எம்.எஸ். ஸ்டேஷனில் இறங்கினால் போதும். வேலையை விட்டு நின்றால் 2 வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. நேரில் பார்க்காமல் வாட்ஸ்அப்பிலேயே வேலை என்று பேசிப் பணம் பிடுங்கியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் அடியுங்கள்.

என் நண்பன் என்ன செய்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் ஒரு பலசரக்குக் கடைக்குள் நேராகப் போய் முதலாளியிடம் வேலை கேட்டான். ஆதார் ஜெராக்ஸும் ஒரு போட்டோவும் வாங்கிக்கொண்டு அன்றே எடுத்துக்கொண்டார்கள், ஒரு பைசா கேட்கவில்லை. உட்காரக் கடையில் ஸ்டூலும் இருந்தது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது, பல கடைகளில் இன்னும் தருவதில்லை என்பது வேறு கதை. கடை கடையாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதியலாம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களுக்கும் போகலாம். எல்லாம் இலவசம்.

நான் கட்டிய 3,500 ரூபாய்க்கான புகார் இன்னும் அப்படியே நிற்கிறது. ரயிலில் பார்த்த அதே நம்பர் வேறு ஒரு நோட்டீஸில் இப்போதும் ஒட்டியிருப்பதாக நண்பன் போட்டோ அனுப்பினான், அதையும் புகாரோடு சேர்த்திருக்கிறோம். உங்கள் ஃபைலும் இப்படி எங்காவது மாட்டியிருந்தால் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர்கள் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு அந்தப் பகுதி ஸ்டேஷனுக்குப் போங்கள், கலந்தாய்வு தேதி நெருங்குவதற்கு முன்பே போங்கள்.