ரோபோவை வடிவமைக்க எது நல்ல வழி: பரிணாமமா, கற்றலா?

செயற்கைப் பரிணாமத்தில், நூற்றுக்கணக்கான ரோபோ வடிவங்களைச் சிமுலேஷனில், அதாவது கணினிக்குள் உருவாக்கிய பாவனை உலகில், ஓடவிடுகிறோம். நன்றாக நகர்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கலந்தும் லேசாக மாற்றியும் அடுத்த தலைமுறையை உண்டாக்குகிறோம். கற்றல் வேறு மாதிரி: உடல் ஒன்றுதான், முயற்சிகள் லட்சக்கணக்கில். ஒழுங்காக நடந்தால் மதிப்பெண் கூடும், விழுந்தால் குறையும்.

நடை மட்டும் போதும் என்றால் நான் தயங்காமல் கற்றலைத் தேர்ந்தெடுப்பேன். 2019இல் சூரிக்கின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எனிமல் என்ற நாற்கால் ரோபோவுக்கான நடையைச் சிமுலேஷனில் கற்பித்து, அப்படியே நிஜ இயந்திரத்தில் இறக்கினார்கள். அது முன்பைவிட வேகமாக ஓடியது. கீழே விழுந்தாலும் தானே எழுந்தது. கற்றலில் ஒவ்வொரு அடிக்கும் மதிப்பெண் உண்டு, அதனால் எதைத் திருத்துவது என்று தெரிகிறது. பரிணாமத்துக்கு வாழ்நாள் முடிவில் ஒரே ஒரு மதிப்பெண்தான் கிடைக்கிறது.

ஆனால் கால்கள் எத்தனை, மூட்டு எங்கே என்று கற்றல் கேட்பதே இல்லை. கொடுத்த உடலோடு சமாளிக்கும், அவ்வளவுதான். பரிணாமம் அங்கேதான் தொடங்குகிறது. 1994இல் கார்ல் சிம்ஸ் கணினிக்குள் உருவாக்கிய, கட்டைகளை அடுக்கியது போன்ற உயிரிகள் யாரும் வரைந்து கொடுக்காத உடல்களோடு நீந்தின, நடந்தன. 2000இல் ஹாட் லிப்சனும் ஜோர்டன் பொல்லாக்கும் அப்படிப் பரிணமித்த உடல்களை முப்பரிமாண அச்சில் வார்த்து, மோட்டார்களைப் பொருத்தி, தரையில் நகரவிட்டார்கள்.

சரி, உடலையும் அதை இயக்கும் நிரலான மூளையையும் சேர்த்தே பரிணாமத்திடம் விட்டுவிடலாமே? இங்கேதான் சிக்கல். ஒரு கால் நீண்டு நல்ல உடல் ஒன்று பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மூளையோ பழைய உடலுக்குப் பழகியது. முதல் ஓட்டத்திலேயே தடுமாறும், மதிப்பெண் சரியும், அந்த உடல் கழிக்கப்படும். குற்றம் உடலில் இல்லை. பழகிக்கொள்ள அதற்கு அவகாசமே தரவில்லை. இப்படியே போனால் சில தலைமுறைகளில் உடல் மாறுவதே நின்றுவிடுகிறது.

அதனால் என் தேர்வு, பரிணாமத்துக்குள் கற்றலை வைப்பது. 2021இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு உடலும் பிறந்த பிறகு தானே நடை பழகியது. பழகியது பிள்ளைகளுக்குப் போகவில்லை, உடலமைப்பு மட்டுமே போனது. இருந்தும், மூதாதைகள் வாழ்நாளின் பிற்பகுதியில் கற்ற நடையைப் பின்வந்தவை வாழ்நாளின் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டன. வாழ்நாளில் கற்பது பரிணாமத்தின் போக்கையே திருப்பக்கூடும் என்று 1896இல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்க் பால்ட்வின் உயிரினங்கள் பற்றி முன்வைத்த கருத்தின் சாயல் இதில் இருப்பது எனக்கு இன்றும் வியப்பு. கணினிச் செலவு அதிகம், உண்மைதான். உடலே கேள்வியாக இருக்கும்போது அது தகும்.

உடல் ஏற்கெனவே முடிவாகிவிட்டாலும் பரிணாமத்துக்கு வேலை இருக்கிறது. 2015இல் ஒரு ஆறுகால் ரோபோவுக்குச் சுமார் 13,000 நடைகளைப் பரிணாம முறையில் முன்கூட்டியே சேகரித்து வைத்தார்கள். அப்புறம் அதன் ஒரு காலைச் சேதப்படுத்தினார்கள். அந்தச் சேகரிப்பிலிருந்து சில நடைகளை மட்டும் முயன்று பார்த்து, இரண்டு நிமிடத்துக்குள் அது மறுபடி நடந்தது.